புளியரை ஆச்சி: கோயில், அடுப்பு, மடியில் கட்டிய அரிசி

24 நவம்பர் 2024, மாலை (பண்பொழி வாசகர் ஒருவர் கேட்டது)

கார்த்திகை பிறந்துவிட்டது, நினைவஞ்சலிக் கட்டுரைகளும் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாம் ஒரே அச்சு. ஆச்சி கருக்கலில் எழுந்தாள், கோலம் போட்டாள், கோயிலுக்குப் போனாள், வந்தவர் போனவருக்கெல்லாம் சோறு போட்டாள், போய்ச் சேர்ந்தாள். செங்கோட்டைப் பக்கத்து ஆச்சிமாருக்கு கோயிலையும் அடுக்களையையும் தாண்டி வாழ்க்கை என்று ஒன்று இருந்ததா? இருந்திருந்தால் யாராவது எழுதுங்கள். இல்லையென்றால் இந்தப் புகழ்மாலையை நிறுத்துங்கள்.

24 நவம்பர், இரவு

இருந்தது. எங்கள் ஆச்சியைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் கோயிலையும் அடுக்களையையும் தாண்டிப் போக மாட்டேன். அந்த இரண்டுக்குள்ளே இருந்துகொண்டு அவள் நடத்திய காரியங்களை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை, குறை அங்கேதான் இருக்கிறது.

ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரோட்டில் நம் பக்கத்துக் கடைசி ஊர். அப்புறம் செக்போஸ்ட், எஸ் வளைவு, மலை ஏறினால் ஆரியங்காவு. ஆச்சி பிறந்தது கொல்லம் 1107 சித்திரை என்று ஜாதகத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் இன்றைக்கும் கொல்லம் ஆண்டு போடுகிறோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அதோடு 825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும், ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824. ஆக 1932. சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. புளியரை அப்போது திருவிதாங்கூர்.

அவள் முதலில் எண்ணிப் பழகிய காசு சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். அந்த அரைச் சக்கரத்தைச் சந்தையில் யார் யாரிடம் அடித்தார்கள் என்று சாகிற வரைக்கும் பெயர் சொல்லிச் சொல்லுவாள். காலமானது 2019 ஆடியில். இன்றைக்கு இவ்வளவு போதும்.

26 நவம்பர்

சோறு போட்டாள் என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். எப்படிப் போட்டாள் என்று யாரும் கேட்பதில்லை.

கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து மகரவிளக்கு வரைக்கும் வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் மூன்று கல் அடுப்பு. சபரிமலைக்கு நடந்து போகிற சாமிமாருக்கு விடிய முன்னால் சுக்குக் காப்பி, ராத்திரி மட்டை அரிசிக் கஞ்சி, சிறுபயறு, காணத் (கொள்ளு) துவையல். ஏன் எப்பவும் கஞ்சி, ஒருநாளாவது சோறு பொங்கக் கூடாதா என்று மாமா கேட்டதற்கு ஆச்சி சொன்னது: "கஞ்சின்னா பத்துப் பேரு கூட வந்தாலும் கொதிதண்ணி கூட்டிக்கிடலாம்லா. சோறுன்னா தலைய எண்ணணும். வாரவனை எண்ணிக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

இதற்கு அரிசி எங்கிருந்து வந்தது? தாத்தாவுக்கு இருந்தது அரை ஏக்கர் வயல், அதிலும் பாதி அடுத்தவருக்குப் பாட்டம் (குத்தகை) அளக்க வேண்டியது. ஆச்சி பிடி அரிசி சேர்த்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் ஆச்சி நார்ப்பெட்டியோடு வருவாள், நாழியால் அளந்து வாங்கிக்கொள்வாள். நாலு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. அரங்கு என்கிற உள்ளறைக் கதவின் உள்பக்கம் கரிக்கட்டியால் கோடு, ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. இடங்கழி நிறைந்தால் நாலு நிற்கிற கோட்டின் மேல் ஒரு குறுக்குக் கோடு. எழுத்து அவளுக்கு வராது, இந்தக் கோடு வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் அந்தக் கதவைத் தொடக் கூடாது.

எந்த வீட்டு வரிசையில் கோடு குறைகிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கதவு உள்பக்கமாகத் திறக்கும், அரங்குக்குள் வேறு ஆள் போவதில்லை. இதை அவள் யோசித்துத்தான் செய்தாள் என்று நான் நம்புகிறேன். கோடு குறைந்த வீட்டுக்கு அடுத்த வாரம் கஞ்சி ஒரு போணி போகும், "மிஞ்சிப் போச்சு, பிள்ளைகளுக்குக் குடு" என்று.

27 நவம்பர்

ஆச்சி போனது எந்தக் கோயிலுக்கு என்று கேட்டவருக்கு: புளியரை தட்சிணாமூர்த்தி இருக்கிற கோயில்தான். வியாழக்கிழமை தவறாது. அங்கே இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு படி. ஆச்சி ஒவ்வொரு படியிலும் நின்று, அந்த நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளை பேரப்பிள்ளை பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பாள். எங்கள் வீட்டில் ஆள் இல்லாத நட்சத்திரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒரு படிக்கு மட்டும் வெகுகாலம் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் மாடு கன்று போட்ட நாளின் நட்சத்திரம் அதுவாக அமைந்தது. பிறகு அந்தப் படியில் கன்றுக்குட்டி பெயர்.

1 டிசம்பர்

1956 பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 1954 ஆகஸ்ட் 11-ல் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் மேல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணி பெயரைச் சொன்னால் குமரி மாவட்டத்தில் இன்றும் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள். செங்கோட்டைக் கதையை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. இங்கே தாலுகாவே இரண்டாகப் போனது. செங்கோட்டையும் புளியரையும் இந்தப் பக்கம், ஆரியங்காவு அந்தப் பக்கம்.

ஆச்சிக்கு அப்போது இருபத்தி நாலு வயது, இடுப்பில் பெரியம்மா. ஆச்சியின் தங்கச்சியை (எங்களுக்குச் சின்னாச்சி) அந்த வருஷம் வைகாசியில்தான் ஆரியங்காவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ரயில்வே கேங்மேன், ஸ்டேஷன் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். கட்டிக்கொடுக்கும்போது பக்கத்து ஊர், அதே தாலுகா. ஐப்பசியில் வேறு ராஜ்யம்.

தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் ஆச்சிக்குச் சந்தோஷம்தான், மலையாளத்தில் மனு எழுத இனிமேல் ஆள் தேட வேண்டாம் என்று. ஆனால் தங்கச்சி அந்தப் பக்கம் போனதை அவளுக்குச் சமாதானம் சொல்ல யாராலும் முடியவில்லை. "நான் இருந்த இடத்துலயே இருக்கேன், அவளும் இருந்த இடத்துலயே இருக்கா, நடுவுல கோட்ட போட்டது யாரு" என்று தாத்தாவிடம் மல்லுக்கு நிற்பாளாம். தாத்தா என்ன செய்வார், பாவம். அவர் அந்தப் போராட்டத்தை நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கூட்டத்துக்குப் போய் வந்தவர், அவர்தான் கோடு போட்ட மாதிரி கேட்டால்!

3 டிசம்பர்

ரயில் இல்லாமல் இந்தக் கதை நிற்காது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவே மீட்டர்கேஜ் ஓட ஆரம்பித்தது 1904-ல். செங்கோட்டை, பகவதிபுரம், அப்புறம் மலைக்குள்ளே நீளமான குகை, வெளியே வந்தால் ஆரியங்காவு. மலை ஏறுவதற்காக வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் சேர்த்துத் தள்ளுவார்கள். நீராவி எஞ்சின் காலத்தில் குகை வரும் முன்னால் ஜன்னலை இழுத்து மூடாவிட்டால் முகமெல்லாம் கரி. ஆச்சி ஈரத்துண்டு ஒன்று கொண்டுபோவாள், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் மூக்கிலெல்லாம் வைத்துத் துடைப்பாள், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும்.

அறுபதுகளின் நடுவில் கேரளாவில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை. 1966 தொடக்கத்தில் ரேஷன் அரிசி கேட்டுக் கேரளா முழுக்கப் போராட்டம். இங்கே புளியரையில் ஆச்சி வீட்டில் குறைந்தபட்சம் கஞ்சிக்குப் பஞ்சமில்லை, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் தங்கச்சி வீட்டில் மூன்று பிள்ளைகள் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) தின்று வயிற்றுவலியோடு கிடக்கின்றன.

பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, குழாய் மாதிரி நீளமாகத் தைத்து, அதற்குள் அரிசியைப் போட்டு, ஒரு சாண் இடைவெளியில் நூலால் கட்டிவிடுவாள். கட்டாவிட்டால் அரிசி எல்லாம் ஒரே பக்கம் இறங்கி இடுப்பில் துருத்திக்கொண்டு நிற்கும். அதை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, மேலே சேலை. கையில் தேங்காய், வெற்றிலை, சூடம் வைத்த தட்டுக்கூடை. எங்கே போகிறாய் என்று போலீஸ்காரர் கேட்டால், "ஆரியங்காவு சாஸ்தாவைக் கும்பிட."

பொய் சொல்லக் கூடாது என்பதால் ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே கோயிலுக்குப் போவாள். ஸ்டேஷனில் இறங்கி, அரிசியை இறக்காமல், அந்தப் பாரத்தோடு கோயில் வரைக்கும் நடந்து, கும்பிட்டுவிட்டு, மறுபடி ஏறி குவார்ட்டர்ஸுக்கு. தங்கச்சி வீடு ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். முதலில் அரிசியை இறக்கி வைத்துவிட்டுப் போனால் என்ன என்று சின்னாச்சி கேட்டதற்கு, "சொன்ன வேலை மொதல்ல, சொல்லாத வேலை பொறவு" என்றாளாம்.

4 டிசம்பர்

புனலூரிலிருந்து எழுதிய நண்பர், இது கடத்தல்தானே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

கடத்தல்தான். அந்த ரயிலில் அரிசி கொண்டுபோன பெண்கள் நிறைய. அவர்களில் பலர் வியாபாரத்துக்குக் கொண்டுபோனவர்கள், அது அவர்களுக்குப் பிழைப்பு. ஸ்டேஷன் வரும் முன்னால், வண்டி மெதுவாகப் போகிற வளைவில், ஜன்னல் வழியாக மூட்டையை உருட்டிவிடுவார்களாம். கீழே பையன்கள் நிற்பார்கள். பிடிபட்டால் அரிசி போகும், அடியும் உண்டு. ஆச்சி அவர்களைத் தாழ்வாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. குகைக்குள் இருட்டில் அவிழ்ந்த கட்டை ஒருத்திக்கொருத்தி இறுக்கிக் கட்டிவிடுவார்களாம், அதைத்தான் சொல்லுவாள்.

எனக்கு இதில் பெருமைதான். பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது எது சரி என்று அவள் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

7 டிசம்பர்

பண்பொழிக்காரர் திரும்ப வந்து, "இதுவும் புகழ்மாலைதான், பூ மட்டும் வேறே" என்கிறார். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரியம்மாவிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.

8 டிசம்பர்

பெரியம்மாவுக்கு இப்போது அறுபத்தொன்பது. நேற்று ராத்திரி போனில் ரொம்ப நேரம் பேசினோம். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "தண்ணி எடுத்தது யாருன்னு எழுதலையே" என்றாள்.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் ரோட்டோர அடுப்புக்குத் தண்ணீர் எடுத்தது பெரியம்மா. கிணறு தெருக் கடைசியில். விடிய நாலு மணிக்குக் குடம் எடுத்தால் சூரியன் வரும்வரை. அரைப் பரீட்சை வருகிற மாதமும் அதுதான். எட்டாம் வகுப்பில் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை, அதற்கப்புறம் பள்ளிக்கூடமே போகவில்லை. மாமாவைத் தண்ணீர் எடுக்கச் சொல்லவில்லை. மாமா படித்தார், வேலைக்குப் போனார்.

"அம்மைக்குச் சாமி கண்ணுக்குத் தெரிஞ்சுது, ரோட்டுல போறவன் பசி தெரிஞ்சுது, ஆரியங்காவுல சித்தி பிள்ளைங்க பசி தெரிஞ்சுது. எங்கையில குடம் இருக்கது தெரியல." கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கோபம் என்ன. ஆனால் சொன்னாள்.

நான் ஆச்சியின் மடியில் வளர்ந்தவன், எனக்கு அவள் மேல் குறை சொல்ல வாய் வராது. இருந்தாலும் இதை எழுதாமல் மேற்கொண்டு எழுத எனக்கு மனசு இல்லை. அந்தக் கதவில் தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் கோடு இருந்தது. பெரியம்மா எடுத்த குடத்துக்குக் கோடு இல்லை.

9 டிசம்பர்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு மாமா கூப்பிட்டார். தன் பங்குக்கு ஒன்று சொன்னார். பெரியம்மா கல்யாணத்துக்கு நகை போட வழியில்லாதபோது ஆச்சி தன் காதில் கிடந்த பாம்படத்தை அழித்துச் செயின் பண்ணிப் போட்டாளாம். அதற்குப் பிறகு வெறும் தொங்கல் காதோடுதான் கடைசிவரை இருந்தாள். நான் பார்த்ததெல்லாம் அந்தக் காதுதான், என்ன ஏது என்று கேட்டதே இல்லை. இது தண்ணீர்க் குடத்துக்குப் பதில் ஆகுமா என்றால் ஆகாது. இரண்டையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

10 டிசம்பர்

சபரிமலைக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டவருக்கு: ஒரு தடவை, அறுபது தாண்டிய பிறகு. அதற்கு முன்னால் கூப்பிட்டபோதெல்லாம், "நானும் மலைக்குப் போயிட்டா இங்க கஞ்சிக்கு யாரு?" போய் வந்ததும் தெருவே கூடி உட்கார்ந்து தரிசனம் எப்படி என்று கேட்டது. ஆச்சி தரிசனத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு அரவணைப் பாயசம் காய்ச்சுகிற வார்ப்பை (பெரிய பாத்திரத்தை) பற்றி அரைமணி நேரம் சொன்னாள். எவ்வளவு அகலம், துடுப்பு எவ்வளவு நீளம், தீ எப்படி விடுகிறார்கள், அடிப்பிடிக்காமல் எப்படிக் கிண்டுகிறார்கள். அவள் சாமி கும்பிட்டதே அந்த வார்ப்பைப் பார்த்துத்தான் இருக்கும் என்று தாத்தா சொல்லுவார்.

14 டிசம்பர்

சின்னாச்சி பேசினாள்! எண்பத்தாறு வயது, காது கொஞ்சம் மந்தம், குரல் கணீர். பேத்தி பக்கத்தில் இருந்து நான் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள் (பேத்திக்குத் தமிழ் வாசிக்க வரும், எழுத வராது, நம் எல்லைப் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான்).

சின்னாச்சிக்குச் சரியான கோபம். அரிசியைச் சும்மா வாங்கின மாதிரி எழுதிவிட்டேனாம். "நா என்ன பிச்சையா வாங்குனேன்? அக்கா அரிசி கொண்டாந்தா, அந்த வேட்டிக் குழாயிலயே நல்லமொளகு கட்டி அனுப்புவேன். தேயிலைத் தூள் அனுப்புவேன். மரச்சீனி வத்தல் அனுப்புவேன். ஓங்க ஆச்சி கஞ்சிக்கு வச்ச தொவையல்ல கெடந்த மொளகு யாரு வீட்டு மொளகு? எழுதுல."

எழுதிவிட்டேன் சின்னாச்சி.

எனக்கு இது கேட்டதில் ரொம்பச் சந்தோஷம். ஆச்சி கொடுப்பவள், மற்றவர்கள் வாங்குபவர்கள் என்றே எங்கள் வீட்டில் கதை சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். போகும்போது அரிசி, வரும்போது மிளகு, இரண்டு அக்கா தங்கச்சி நடுவே இரண்டு மாநிலத்துச் சட்டமும் ஒரு குகையும்.

இன்னொன்றும் சொன்னாள். 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜை நிறுத்தினார்களே, அதற்கப்புறம் எட்டு வருஷம் அகலப்பாதை வேலை. அந்த எட்டு வருஷமும் பஸ்தான், எஸ் வளைவில் ஆச்சிக்கு வாந்தி வந்துவிடும், அதனால் அக்காவைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. 2018 ஜூனில் ரயில் திரும்ப வந்ததும் முதல் மாதமே ஆச்சி புறப்பட்டுவிட்டாள். நானும் மாமாவும் கூட்டிப்போனோம். குகை வந்ததும் பழைய பழக்கத்தில் பையிலிருந்து ஈரத்துண்டை எடுத்தாள். டீசல் வண்டியில் கரி ஏது. எதிர் சீட்டுப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தே தீருவேன் என்று நின்றாள். அந்தப் பிள்ளையின் அம்மா கோட்டயத்துக்காரி, முதலில் முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அந்த வண்டியில் அவள் ஆரியங்காவு போனது அந்த ஒரு தடவைதான்.

16 டிசம்பர்

இன்று மார்கழி பிறப்பு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அச்சன்கோவில் சாஸ்தா கோயில் திருவிழாவுக்குப் புனலூரிலிருந்து திருவாபரணப் பெட்டி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாகத்தான் வரும். கேரளாவில் புறப்பட்டு, நம் ஊர்களுக்குள் புகுந்து, திரும்பவும் மலையேறிக் கேரளாவுக்குள் போகிற நகை. கோடு போட்ட பிறகும் அந்த வழி மாறவில்லை. ஆச்சி இந்த ஒரு நாள் மட்டும் அடுப்பை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, ரோட்டோரம் குத்துவிளக்கோடு நிற்பாள். பெட்டி போய்விட்டதும், கூட வருகிற இரண்டு மாநிலத்துப் போலீஸ்காரர்களும் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பாள். ஒரு காலத்தில் எந்தப் போலீஸுக்குப் பயந்து இடுப்பில் அரிசி கட்டினாளோ அதே காக்கிச் சட்டைக்குச் சுக்குக் காப்பி.

19 டிசம்பர்

பண்பொழிக்காரர் தனியாக எழுதியிருந்தார். அவருடைய அம்மாச்சி வடகரையில் பீடி சுற்றியவராம், அவரைப் பற்றி எழுதப் போகிறாராம். பெயர்களை அப்படியே போடலாமா என்று கேட்டார். உயிரோடு இருக்கிறவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். தண்ணீர் எடுத்தது யார் என்றும் கேட்டு எழுதுங்கள்.

21 டிசம்பர்

ராஜபாளையத்து நண்பர் குழு சாமிமாருக்குச் சுக்குக் காப்பி கொடுக்கப் போகிறார்களாம், அளவு கேட்டார்கள். பெரியம்மா சொன்னபடி: நூறு கிளாஸுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். கருப்பட்டி ஒன்றேகால் கிலோ, சுக்கு நூறு கிராம், கொத்தமல்லி நூற்றைம்பது, மிளகு இருபத்தைந்து, ஏலக்காய் ஒரு பிடி. துளசி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு. சுக்கை மண் போகத் துடைத்து, லேசாகச் சுட்டு, ஒன்றிரண்டாக இடித்தால் போதும், மாவாக்கினால் தொண்டையைப் பிடிக்கும். கருப்பட்டியைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து ஒரு கொதி வந்ததும் துணியில் வடிகட்டுங்கள். அதில் மண் இருக்கும், வடிகட்டாமல் ஊற்றினால் கடைசி இருபது கிளாஸை யாரும் குடிக்க முடியாது. காப்பித்தூள் இறக்கும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் கசக்கும். தண்ணீரை முதல்நாள் ராத்திரியே பிடித்து வையுங்கள், ஆம்பிளைகளைப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று பெரியம்மா சொல்லச் சொன்னாள்.